ஊதுவதற்கு முன் ஒரு மூச்சு

பெரியம்மாவின் மூக்கில் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டு, கையில் ஓர் அட்டைக் குழலைக் கொடுத்தார் அந்தப் பெண். குழலின் மறுமுனை சிறு பெட்டி ஒன்றில் செருகியிருந்தது. "நல்லா மூச்சை உள்ள இழுங்கம்மா. இன்னும், இன்னும்... இப்ப ஊதுங்க. ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க!" ஆறு விநாடி விடாமல் ஊத வேண்டும். பெரியம்மாவுக்கு இரண்டு விநாடியிலேயே இருமல் வந்துவிட்டது. மூன்று தடவை முயன்றார். கடைசித் தடவை முடிந்ததும் குழலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஈர வெறகையே ஊதி எரிய வச்சவ பாப்பா நானு" என்றார்.

அந்தப் பெட்டி செய்யும் வேலை எளிமையானது. நெஞ்சு முட்ட இழுத்த காற்று முழுவதையும் வெளியே தள்ளும்போது, முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று அளக்கும். மூச்சுக்குழாய்கள் சரியாக இருந்தால் பெரும்பகுதி அந்த முதல் விநாடியிலேயே வந்துவிடும். இன்ஹேலர் மருந்து கொடுத்துப் பார்த்த பிறகும் அது மொத்தத்தில் எழுபது சதவீதத்தைத் தொடாவிட்டால், குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டன என்று பொருள். சிஓபிடி என்று டாக்டர் எழுதினார். புகைபிடிப்பவர்களின் வியாதி என்று நாம் பொதுவாக நினைக்கும் வியாதி அது. பெரியம்மா வெற்றிலைகூடப் போடமாட்டார்.

டாக்டருக்கு ஆச்சரியமில்லை. "எத்தனை வருஷம் விறகடுப்பு?" என்று கேட்டார். பெரியம்மாவால் கணக்குச் சொல்ல முடியவில்லை. "தாவணி போட்டதுலேர்ந்து" என்றார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷம்.

டாக்டரின் வாயில் அவ்வளவு இயல்பாக வந்த அந்தக் கேள்விக்குப் பின்னால் அறுபது எழுபது ஆண்டுக் கதை இருக்கிறது. ஒரு பெண் தன் வீட்டு அடுப்படியில் செய்வதும் ஒரு தொழில்தான், அந்தத் தொழிலுக்கும் உடம்பு விலை கொடுக்கிறது என்று அறிவியல் கண்டுகொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று.

அடுப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நடப்பது அவ்வளவு அழகான வேதியியல். கட்டையில் நேரடியாகத் தீப்பிடிப்பதில்லை. சூடேறும் கட்டை முதலில் தன் ஈரத்தை விடும். வெட்டுமுனையில் நுரை கட்டிக்கொண்டு புஸ்ஸென்று சத்தம் வருமே, அது. ஈரம் போன பிறகு, இருநூறு முந்நூறு டிகிரிச் சூட்டில் மரம் உள்ளுக்குள் சிதைந்து வாயுக்களாக வெளிவருகிறது. சுடராக எரிவது அந்த வாயு. கட்டைக்கும் சுடருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிவது அதனால்தான். போதிய காற்றும் போதிய சூடும் கிடைத்தால் வாயு முழுவதும் எரிந்து நீராவியும் கரியமில வாயுவுமாக முடிந்துவிடும். கிடைக்காதபோது பாதியில் நின்றுவிட்ட சமாச்சாரங்கள் எல்லாம் சேர்ந்து புகையாக எழுகின்றன. ஆக, புகை என்பது எரியத் தவறிய எரிபொருள்.

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஐப்பசி மழையில் நனைந்த சீமைக்கருவேலம் விறகை அடுப்பில் வைத்துப் பாருங்கள். வெண்புகை கண்ணை மறைக்கும். பெரியம்மா பலகையில் உட்கார்ந்து, கன்னம் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து, ஊதாங்குழலை அடுப்பின் வாயில் வைத்து ஒரே சீராக ஊதுவார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது ஊதலில் அடுப்பு குப்பென்று பிடிக்கும். அதுவரை முகட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த புகையே தீயாக மாறும். அவர் கொடுத்த காற்றில் சூடு கூடி, புகைக்குள் இருந்த வாயு பற்றிக்கொள்கிறது. சிறுவயதில் அது எனக்கு மந்திரம்போலத் தெரியும்.

அப்போது நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. ஊத வேண்டுமானால் முதலில் இழுக்க வேண்டும். அன்றைய நாளின் மிக ஆழமான மூச்சை, அடுப்புக்கு ஒரு முழ தூரத்தில், புகை மிக அடர்த்தியாக இருக்கும் அந்த நேரம் பார்த்து அவர் இழுத்தார். ஒரு வேளைச் சமையலுக்கு எத்தனை முறை, நாற்பத்தைந்து வருஷத்துக்கு எத்தனை முறை என்று இப்போது மனம் கணக்குப் போடுகிறது.

அந்த மூச்சோடு உள்ளே போவது என்ன? ஒன்று, கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் வாயு. இன்னொன்று, கரித்துகள். சுடருக்குள் காற்று எட்டாத இடத்தில் கார்பன் அணுக்கள் வளையம் வளையமாகச் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகின்றன. உருண்டைகள் ஒட்டி ஒட்டிக் கொத்தாகின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பிஎம் 2.5 என்று செய்திகளில் அடிபடும் நுண்துகள்கள் இரண்டரை மைக்ரானும் அதற்குக் கீழும். மூக்கின் முடியும் சளியும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துகொள்கின்றன.

இந்தியாவில் இதை முதலில் நோயாளியின் உடம்பில் படித்தவர்களில் ஒருவர் எஸ். பத்மாவதி. 1917ல் பர்மாவின் மாக்வே ஊரில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942ல் ஜப்பானியப் படை வந்தபோது அந்தக் குடும்பத்துப் பெண்கள் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார்கள். பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படித்து, இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவராக 1950களில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். அங்கே அவர் கண்ணில் பட்டது ஒரு விசித்திரமான இதயக் கோளாறு. நுரையீரல் கெட்டுப்போனால் அதற்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் கூடுதலாக உழைக்கும். உழைத்து உழைத்து வீங்கித் தளரும். கால் வீங்கும், படுக்க முடியாது. மேல்நாட்டுப் பாடப்புத்தகப்படி, நீண்ட காலம் புகைபிடித்த வயதான ஆண்களிடம் பார்க்கக்கூடிய நோய். டெல்லியில் அது புகைபிடிக்காத பெண்களுக்கு, அதுவும் இளம் வயதிலேயே வந்தது. 1959ல் 127 நோயாளிகளைப் பற்றி அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 'சர்க்குலேஷன்' இதழில் எழுதினார்கள். சாணியும் விறகும் எரியும் அடுப்பின் மேல் அவர் சந்தேகம் விழுந்தது.

எனக்கு இதில் பிடித்தது, அவர் நோயாளியிடம் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார் என்பதுதான். இதயத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவர் அடுப்பில் எதை வைத்து எரிக்கிறாய் என்று கேட்பது அன்றைக்கு எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆனால் சந்தேகம் வேறு, அளவு வேறு. புகை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அதிகம்? 1981ல் அமெரிக்க விஞ்ஞானி கிர்க் ஸ்மித் இந்திய ஆய்வாளர்களோடு குஜராத்தின் நான்கு கிராமங்களுக்குப் போனார். காற்று மாசு என்றால் தொழிற்சாலைப் புகைபோக்கி, பெருநகர வாகனம் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலம். நகரத்துக் கட்டடங்களின் உச்சியில் கருவி வைத்து அளந்தார்கள். ஸ்மித் குழு கருவியைச் சமைக்கும் பெண்களின் மேலேயே மாட்டியது. சமைக்கும் நேரத்தில் அவர்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக ஏறக்குறைய 7000 மைக்ரோகிராம் துகள் இருந்தது. அது பெரிதும் சிறிதுமாக மொத்தத் துகளின் கணக்கு. நுண்துகளுக்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் ஆண்டுச் சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அந்த எண்ணைப் படித்த யாருக்கும் அதன்பிறகு அடுப்படி வெறும் அடுப்படியாக இருந்திருக்காது.

ஸ்மித் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் இதுதான்: மாசு எங்கே அதிகம் என்று தேடாதே, மனிதர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று தேடு. ஆலைப் புகை வானத்தில் கலைந்துபோகிறது. அடுப்புப் புகை, அது எத்தனை சிறியதானாலும், ஒருத்தியின் மூக்குக்கு நேராக எழுகிறது. இந்தத் துறையைத் திறந்துவைத்த பத்மாவதியும் ஸ்மித்தும் ஒரே ஆண்டில், 2020ல், இரண்டரை மாத இடைவெளியில் காலமானார்கள். பத்மாவதிக்கு அப்போது வயது 103.

பஞ்சாலையில் பஞ்சுத்தூசி ஏறி வரும் நோய்க்குத் தொழிலாளர் சட்டத்தில் பெயர் இருக்கிறது. கல் உடைப்பவருக்கு வரும் நுரையீரல் நோய்க்கும் இருக்கிறது. தொழிலால் வந்த நோய் என்று பதிவு செய்ய வேண்டும். போராடினால் இழப்பீடும் கேட்கலாம். கிடைப்பது அரிது என்பது வேறு விஷயம், கேட்க ஓர் இடமாவது உண்டு. அடுப்படிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 1991ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கெய் பகுதிப் பெண்களின் நுரையீரலைப் பார்த்த மருத்துவர்கள் அதற்கு 'குடிசை நுரையீரல்' என்று பெயர் வைத்தார்கள். நோய்க்குக் குடிசையின் பெயர் கிடைத்ததே தவிர, அந்தக் குடிசைக்குள் தினமும் நடந்த வேலையின் பெயர் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு அடுப்படிகளை எண்ணாக மாற்றிய பெரிய வேலை, சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு செய்தது. நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து 2002ல் வெளியிட்டார்கள். விறகு எரியும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் நுரையீரல்வரை போகக்கூடிய துகள் கன மீட்டருக்கு 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை இருந்தது. பிறகு அதே குழு இன்னொரு கேள்விக்கு நகர்ந்தது. அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவள் கர்ப்பிணியாக இருந்தால்?

கர்ப்பமான முதல் சில வாரங்களிலேயே மூச்சு வாங்குகிறது என்று பெண்கள் சொல்வார்கள். வயிறு பெரிதாவதற்கு வெகுகாலம் முன்பே. புரொஜெஸ்டெரோன் என்ற ஹார்மோன் மூளையின் சுவாச மையத்தைத் தூண்டி ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்குகிறது. சாதாரணமாக இழுப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாக நிமிடத்துக்குக் காற்றை இழுக்கிறாள். இரண்டு உயிருக்கான காற்று அது. அதே அடுப்பு, அதே புகை, ஆனால் உள்ளே போவது கூடுதல்.

அங்கிருந்து குழந்தைக்குப் போகும் வழியில் நிற்பது நஞ்சுக்கொடி. பிரசவம் முடிந்ததும் "நஞ்சு விழுந்துச்சா?" என்றுதான் நம் ஊரில் முதலில் கேட்பார்கள். உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் வந்த பெயரோ என்னவோ. ஒன்பது மாதம் அது செய்த வேலையைப் பார்த்தால் அமுதுக்கொடி என்றே அழைக்கலாம். குழந்தையின் ரத்தம் ஓடும் விரல்போன்ற ஆயிரக்கணக்கான கிளைகள் தாயின் ரத்தத்தில் நீந்திக்கொண்டிருக்கும். எல்லாக் கிளைகளையும் விரித்துப் போட்டால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும், ஒரு சிறிய அறையின் தரை அளவு. இரண்டு ரத்தமும் கலப்பதில்லை. நடுவே மெல்லிய திசு ஒன்று, உணவையும் ஆக்சிஜனையும் விட்டு, வேண்டாததைத் தடுத்து நிற்கிறது. கரித்துகளையும் தடுத்துவிடும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள்.

2019ல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தில் டிம் நாவ்ரோட் குழு அதைச் சோதித்தது. பிரசவத்துக்குப் பிறகு கிடைத்த நஞ்சுக்கொடிகளிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத லேசர் துடிப்புகளை அவற்றின்மேல் பாய்ச்சினார்கள். அந்த ஒளி பட்டதும் கரித்துகள் மட்டும் வெண்ணிற ஒளியை உமிழும். திசுவின் ஒளி வேறு, இதன் ஒளி வேறு. இருட்டு வயலில் மின்மினிகளைப்போல அவை தெரிந்தன. தாயின் பக்கம் மட்டுமல்ல, குழந்தையின் பக்கத்திலும். சோதித்த எல்லா நஞ்சுக்கொடிகளிலும். 2022ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த ஆய்வில், பிறவாத சிசுவின் கல்லீரலிலும் நுரையீரலிலும் மூளையிலும் அதே துகள்கள் இருந்தன. புகைபிடிக்காத தாய்மார்கள். நம் அடுப்படிகளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தெளிந்த காற்றுள்ள நாடுகள்.

துகள் இருப்பது வேறு, துகளால் கேடு விளைவது வேறு. முதலாவதற்கு லேசர் போதும். இரண்டாவதற்கு ஆயிரக்கணக்கான பெண்களும் பல வருடப் பொறுமையும் வேண்டும். 2010 முதல் 2015 வரை தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்திலிருந்தே கல்பனா குழு தொடர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நகர்ப்புறச் சுகாதார மையங்களுக்கும் வந்த பெண்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. நான்கு கிராம் ஒரு டீஸ்பூன் சர்க்கரை. அதற்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் விறகு வீட்டுக்கும் கேஸ் வீட்டுக்கும் இடையே வித்தியாசம் பத்து மைக்ரோகிராமோடு நிற்பதில்லை. இரண்டரைக் கிலோவின் விளிம்பில் பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் ஏராளம். அந்த விளிம்பில் ஒவ்வொரு பத்து கிராமும் எத்தனையோ குழந்தைகளை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை நேர்மையான ஆய்வாளர்கள் எப்போதும் சொல்லிவந்தார்கள். விறகு எரிக்கும் வீடு பெரும்பாலும் ஏழை வீடு. அங்கே கர்ப்பிணி குறைவாகச் சாப்பிடுகிறாள், அதிகமாக உழைக்கிறாள், விறகையும் அவளே சுமக்கிறாள். குழந்தை எடை குறைந்தது புகையாலா, பசியாலா? பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒரே மாதிரியான வீடுகளில் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு கேஸ் கொடுத்துப் பார்ப்பது.

ஹேப்பின் என்ற அந்த ஆய்வு 2018ல் தொடங்கியது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் நாட்டுக்கு 800, மொத்தம் 3200 கர்ப்பிணிகள். இந்தியாவில் விழுப்புரமும் நாகப்பட்டினமும். எல்லோரும் விறகோ சாணியோ எரிப்பவர்கள். 9 முதல் 20 வாரக் கர்ப்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். குலுக்கலில் விழுந்தவர்களுக்கு கேஸ் அடுப்பும், பதினெட்டு மாதத்துக்கு வேண்டிய அளவு சிலிண்டரும் இலவசம்.

அந்தப் பெண்கள் அணிந்திருந்த கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோப்புப்பெட்டி அளவிலான ஒரு சிறு யந்திரம், மேலங்கிப் பையில் நெஞ்சருகே உட்கார்ந்துகொண்டு, நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் காற்றை இழுக்கும். உள்ளே ஒரு வெள்ளை வடிகட்டி வட்டு, சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. கர்ப்ப காலத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இருபத்துநான்கு மணி நேரம். காலையில் அடுப்பு மூட்டும்போது, களை பறிக்கும்போது, குழாயடியில் நிற்கும்போது, தூங்கும்போது தலைமாட்டில். மறுநாள் வட்டை எடுத்து, மூச்சுக்காற்று பட்டாலே ஆடிவிடும் நுண்தராசில் நிறுப்பார்கள். விறகு வீட்டு வட்டு ஒரு நாளில் சேர்ப்பது சர்க்கரைப் பரல் ஒன்றில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இராது. அந்தச் சிறு கறைதான் ஒரு பெண்ணின் ஒரு நாளைச் சொல்கிறது. அவள் எங்கெங்கே இருந்தாள், எதன் பக்கத்தில் குனிந்தாள் என்பதெல்லாம் அதில் படிந்திருக்கிறது. பழைய விறகடுப்புகளிலும் சூட்டைப் பதியும் சிறு கருவியை ஒட்டிவைத்தார்கள். கேஸ் கிடைத்த வீட்டில் விறகடுப்பு ரகசியமாக எரிந்தால் தெரிந்துவிடும். எரியவில்லை. சிலிண்டர் தடையின்றி வந்தபோது பெண்கள் விறகைத் தொடவே இல்லை என்று சொல்லிவிடலாம். 'கிராமத்துப் பெண்களுக்கு விறகுச் சமையல் ருசிதான் பிடிக்கும்' என்று காலங்காலமாகச் சொல்லிவந்தோமே, அதற்கு இவ்வளவு தெளிவான பதில் வேறில்லை.

கேஸ் வீட்டுப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகு வீட்டில் ஏறக்குறைய 70. மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. எல்லோரும் குழந்தைகளின் எடைக்காகக் காத்திருந்தார்கள்.

2022ல் முடிவு வந்தது. கேஸ் வீட்டுக் குழந்தைகள் சராசரி 2921 கிராம். விறகு வீட்டுக் குழந்தைகள் 2898. இடையில் இருப்பது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். 2024ல் வந்த அடுத்த முடிவுகளிலும், ஒரு வயது வரை கடுமையான நிமோனியாவோ வளர்ச்சிக் குறைவோ கேஸ் வீடுகளில் குறையவில்லை.

அதைப் படித்த அன்று எனக்கு மனம் கனத்துப்போனது. விறகை ஒழித்தால் குழந்தை கொழுகொழுவென்று பிறக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் இந்த முடிவை மறைக்காமல், பூசி மெழுகாமல் எழுதினார்களே, அதற்காகவே இந்த ஆய்வை மதிக்கிறேன். ஏன் இப்படி என்பதற்கு அதற்குள்ளேயே சில தடயங்கள் உண்டு.

ஒன்று காலம். தாயின் கருப்பை ரத்தக்குழாய்கள் அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் பாயும்படி மாறுவது கர்ப்பத்தின் முதல் பாதியில். வீட்டுக்கு கேஸ் வந்து சேர்ந்தபோது பலருக்கு அந்தக் கட்டுமானம் பெரும்பாலும் முடிந்திருக்கும். வாய்க்கால் வெட்டி முடித்த பிறகு தண்ணீரைச் சுத்தம் செய்ததுபோல.

இன்னொன்று வளைகோடு. புகையின் கேடு துகளின் அளவோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. குறைந்த அளவிலேயே செங்குத்தாக ஏறி, பிறகு மேலே சமமாகிவிடுகிறது என்று ஸ்மித்தும் மற்றவர்களும் காட்டியிருந்தார்கள். கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே விரிந்த மலைச் சமவெளியில் எவ்வளவு தூரம் நடந்தாலும் உயரம் அவ்வளவாகக் குறையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் விளிம்புக்கு வந்த பிறகுதான் மடமடவென்று இறங்கும். 70லிருந்து 24க்கு வந்தது நீண்ட நடைதான். ஆனால் 24 இன்னமும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல ஐந்து மடங்கு. பக்கத்து வீட்டு அடுப்பும், தெருக்கோடியில் எரியும் குப்பையும், நெடுஞ்சாலை லாரியும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தால், ஒரு வீட்டுக்கு மட்டும் சிலிண்டர் கொடுத்து அந்த விளிம்பை எட்ட முடியாது.

அதே பெண்களை, யாருக்கு எந்த அடுப்பு என்று பார்க்காமல், அவரவர் உண்மையில் சுவாசித்த அளவை வைத்து வரிசைப்படுத்தியபோது புகையின் தடம் தெரிந்தது. கரித்துகள் கூடக்கூட எடை குறைந்தது. குறைவாகச் சுவாசித்தவர்களுக்கும் அதிகமாகச் சுவாசித்தவர்களுக்கும் இடையே சுமார் 22 கிராம். கார்பன் மோனாக்சைடுக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்பது இந்தத் துறையில் வாடிக்கை.

எனக்கு இதைவிட உறுத்தும் விஷயம் இன்னொன்று. அந்த ஆய்வு முதன்மையாக எடுத்துக்கொண்ட கேள்விகள் நான்கு. பிறப்பு எடை, குழந்தையின் நிமோனியா, குழந்தையின் வளர்ச்சி, வீட்டில் உள்ள மூத்த பெண்ணின் ரத்த அழுத்தம். மூன்று குழந்தைக்கு, ஒன்று பாட்டிக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழந்தையின் எடை ஒன்பது மாதத்தில் தெரிந்துவிடும், தாயின் நுரையீரல் கெட நாற்பது வருஷம் ஆகும், எந்த ஆய்வுக்கும் நாற்பது வருஷப் பணம் கிடைப்பதில்லை. ஆனால் குழந்தையின் எடை கூடவில்லை என்பதை வைத்து 'கேஸ் கொடுத்துப் பயனில்லை' என்று யாராவது பேசினால், அங்கே ஒரு மனுஷி விட்டுப்போகிறாள். அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவள் குழந்தையைச் சுமக்கும் பாத்திரம் மட்டுமில்லை. அவள் கண், அவள் மூச்சுக்குழாய், அவள் இதயத்தின் வலப்பக்கம் இவையும் கணக்கில் வர வேண்டியவை. பத்மாவதி தொடங்கியது அந்தக் கணக்கை.

வீட்டுப் புகையால் 2020ல் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இருநூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இன்னமும் விறகு, சாணி, கரி, மண்ணெண்ணெயில் சமைக்கிறார்கள். 2016ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு முதல் சிலிண்டரைக் கொண்டுபோனது. முதல் சிலிண்டர் கதையின் பாதிதான். இரண்டாவது சிலிண்டரை வாங்கக் காசு இருக்கிறதா, காலியானதும் வீட்டு வாசலுக்கு வருகிறதா, அந்தக் காசை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் மீதி. தடையில்லாமல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை விழுப்புரத்துப் பெண்களும் நாகப்பட்டினத்துப் பெண்களும் காட்டிவிட்டார்கள்.

நம் வீடுகளில் இன்னொரு அடுப்பும் உண்டு. சோறும் குழம்பும் கேஸில் வந்துவிட்ட பிறகும் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். தென்னை மட்டை, பாளை, பன்னாடை, கிடைத்த சுள்ளி எல்லாம் அதற்குத்தான். நெல் அவிப்பதும் அங்கேதான். வெளியில்தானே, புகை போய்விடும் என்போம். ஊதுகிறவளின் முகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

பெரியம்மாவின் மருமகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூவருமாகப் போனோம். எடை பார்த்து, பிரஷர் பார்த்து, சத்து மாத்திரையை விடாமல் போடுகிறாளா என்று கேட்டுவிட்டு, அட்டையில் எழுதிக்கொண்டே அந்த நர்ஸ் கேட்டார்: "வீட்ல கேஸ் இருக்கா?" என் காதுக்கு அந்தக் கேள்வி தேனாக இருந்தது. "இருக்கு சிஸ்டர்" என்றாள் மருமகள். நர்ஸ் ஒரு டிக் அடித்தார்.

பெஞ்சில் இன்ஹேலர் பையோடு உட்கார்ந்திருந்த பெரியம்மா குரல் கொடுத்தார். "சமையலுக்குத்தான் கேஸு. வெந்நீக்கு வெறகுதாம்மா. நெல்லு அவிக்கறதும் அதுலதான். என்னால முடியாம போனதுலேர்ந்து இவதான் ஊதுறா. அதையும் எழுதிக்க."

"விடுங்க அத்தை, அதையெல்லாம் போயி" என்று மருமகள் நெளிந்தாள். நர்ஸ் நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார். அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. மாத்திரை விவரத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டார்.